பூ மணக்கும் தேநீர்: முதன்முறை சுவைப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கோத்தகிரியில் என் சித்தி வீடு. தை மாதக் காலை. வாசல் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடந்தது. சித்தி நீட்டிய கண்ணாடி டம்ளரைப் பார்த்ததும் தேயிலை போட மறந்துவிட்டார் என்றே நினைத்தேன். வெளிறிய மஞ்சள் நிறம். பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. முதல் மிடறில் வெந்நீர் குடித்தது போலத்தான் இருந்தது. "அவசரப்படாத கண்ணு, வாயில கொஞ்சம் வச்சிருந்து முழுங்கு" என்றார். அடுத்த மிடறை விழுங்கி மூச்சை வெளியே விட்டபோது மூக்கின் உள்ளிருந்து ஒரு மணம் எழுந்தது. முந்தின நாள் மாலை சூடிக்கொண்டு காலையில் கழற்றி வைக்கும் மல்லிகைச் சரத்துக்கு ஒரு மணம் இருக்குமே, அது.

அதுவரை எனக்குத் தேநீர் என்றால் டீக்கடை டீதான். இன்றும் அது பிடிக்கும். அதை விடச் சொல்ல இதை எழுதவில்லை. விலை கொடுத்து நல்ல இலைத் தேயிலை வாங்கி வந்து, ஆசையாகப் போட்டுக் குடித்து, "என்னங்க இது, சப்பென்று இருக்கிறதே" என்று டப்பாவை அலமாரியின் மூலைக்குத் தள்ளியவர்களுக்காக எழுதுகிறேன். அந்த ஏமாற்றத்தை நானும் பட்டிருக்கிறேன். பெரும்பாலும் குறை இலையில் இருப்பதில்லை. தண்ணீரில் இருக்கும், நேரத்தில் இருக்கும், அல்லது நாக்கில் கிடைக்காத ஒன்றை நாக்கில் தேடியதில் இருக்கும்.

## படி 1: இலையைத் தேர்ந்தெடுங்கள்

நம் வீடுகளில் பெரும்பாலும் கொதிப்பது சிடிசி தேயிலை அல்லது டஸ்ட். கொழுந்தைப் பல் வைத்த உருளைகளுக்கு நடுவே விட்டு நசுக்கி, கிழித்து, குருணையாகச் சுருட்டிவிடுவார்கள். சாயம் சட்டென்று இறங்கும். எவ்வளவு பால் ஊற்றினாலும் திடம் குறையாது. நாம் தேடும் பூமணம் இருப்பது 'ஆர்த்தடாக்ஸ்' என்று தொழிலில் சொல்லும் முழு இலைத் தேயிலையில். கொழுந்தைப் பரப்பி வாட்டி, உருட்டி, காற்றுபட வைத்துப் பதமாக்கி, உலர்த்தி எடுப்பது இது. முறுக்கிய நூல் போலிருக்கும். வெந்நீர் பட்டதும் விரிந்து மறுபடி இலையாகிவிடும்.

இலேசான, பூமணமுள்ள கறுப்புத் தேயிலைக்கு நம் பக்கத்திலேயே மூன்று இடங்கள் இருக்கின்றன. டார்ஜிலிங்கில் குளிர் முடிந்து துளிர்க்கும் முதல் கொழுந்து மார்ச், ஏப்ரலில் வரும். இலங்கையின் நுவரெலியாவில் சனவரி முதல் மார்ச் வரை நல்ல பருவம். மூன்றாவது நீலகிரி. குன்னூர், கோத்தகிரி, உதகை, குந்தா பக்கத்து உயரமான தோட்டங்களில் திசம்பர் முதல் பிப்ரவரி வரை பறிக்கும் குளிர்காலக் கொழுந்து.

தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது நீலகிரிதான். சொந்த மலை என்ற பாசம் ஒரு காரணம், மறைக்கவில்லை. இன்னொரு காரணமும் உண்டு: அது மன்னிக்கும் குணமுள்ள இலை. ஒரு நிமிடம் கூடுதலாக ஊறிவிட்டாலும் டார்ஜிலிங் முதல் கொழுந்தைப் போல முகம் சுளிக்க வைக்காது. உறைபனி விழும் அந்த மாதங்களில் செடி மெதுவாகத்தான் வளரும். மழைக்காலத்தில் மளமளவென்று நீளும் கொழுந்து அப்போது சிறுத்து, இறுகி, மணத்தைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். தோட்டத்தில் எடை குறைவாக விழும் காலமும் அதுதான். கை விறைக்கும் குளிரில் பறித்தாலும் கூடை நிரம்பாது. விலையைப் பார்த்துத் தயங்கும்போது அந்தக் கைகளையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

## படி 2: கடையில் கவனிக்க வேண்டியவை

பறித்த மாதமும் வருடமும் அட்டையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பூமணம்தான் ஒரு தேயிலையில் முதலில் விடைபெறுவது. இரண்டு வருடம் அலமாரியில் கிடந்த இலையில் நிறம் இருக்கும், மணம் இருக்காது. முதல்முறை 50 கிராமுக்கு மேல் வாங்க வேண்டாம்.

'ஆரஞ்சு பீக்கோ' என்று எழுதியிருந்தால் ஆரஞ்சுப் பழ மணம் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். இலையின் அளவையும் வடிவத்தையும் சொல்லும் தரப்பெயர் அது. 'பீக்கோ' என்ற சொல்லுக்கு மூலம் சீனமொழி. மொட்டின் மேலுள்ள வெண்ரோமத்தைக் குறிப்பது. பெயரில் எழுத்துகள் நீண்டுகொண்டே போவதால் மட்டும் தேநீர் உங்களுக்குப் பிடித்துவிடாது. மல்லிகை, ரோஜா என்று சேர்மானம் எழுதியிருந்தாலும் இப்போதைக்கு வேண்டாம். நாம் தேடுவது பூச்சேர்க்காத இலையில் தானாக வரும் பூமணம்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் காற்றுப் புகாத, வெளிச்சம் படாத டப்பாவில் போடுங்கள். அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது. தேயிலை பக்கத்து மணத்தை இழுத்துக்கொள்ளும். ஒருமுறை சாம்பார்ப்பொடி டப்பாவுக்கு அருகில் வைத்து, கால் கிலோ நல்ல இலையை நான் பெருங்காய மணத்தோடு குடித்துத் தீர்க்க வேண்டியதாயிற்று.

## படி 3: தண்ணீரைச் சரிசெய்யுங்கள்

பலர் பேசாமல் விட்டுவிடும் படி இது. டம்ளரில் இருப்பதில் ஏறக்குறைய முழுவதும் தண்ணீர்தான்.

கோயம்புத்தூரில் அம்மா வீட்டுச் சிறுவாணித் தண்ணீரில் போட்டால் மணக்கிற அதே இலை, சென்னையில் எங்கள் குடியிருப்பின் ஆழ்துளைக் கிணற்று நீரில் போட்டால் பழுப்பேறி, மேலே மெல்லிய ஆடை படிந்து, ஊமையாகிவிட்டது. கடின நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் இலையிலுள்ள பாலிஃபீனால்களும் சேர்வதால் வரும் படலம் அது. கெடுதல் இல்லை, ஆனால் இலேசான மணம் அதற்குள் அமுங்கிப்போகும். உப்பு குறைந்த நல்ல தண்ணீர் வேண்டும். ஆர்ஓ நீர் பரவாயில்லை. சிலருக்கு அதில் தேநீர் தட்டையாகத் தெரியும். அப்போது கொஞ்சம் குழாய்த் தண்ணீர் கலந்து பாருங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை அடித்தால் இரவே பாத்திரத்தில் பிடித்துத் திறந்து வைத்துவிடுங்கள்.

சூட்டைப் பற்றி ஒன்று. கடல்மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்சியசில் கொதிக்கும். ஏறக்குறைய 300 மீட்டர் ஏறுவதற்கு ஒரு டிகிரி குறைந்துகொண்டே போகும். 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் 92, 93 டிகிரியிலேயே தளதளவென்று கொதித்துவிடும். 'மலையில் குடித்தபோது அவ்வளவு மென்மையாக இருந்ததே, வீட்டில் ஏன் கடுக்கிறது' என்று கேட்பவர்களுக்குப் பாதிப் பதில் இதில் இருக்கிறது. சமவெளியில் இருப்பவர்கள் தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து, ஒன்றிரண்டு நிமிடம் விட்டு ஊற்றினால் போதும். வெப்பமானி தேவையில்லை.

## படி 4: ஊறவைப்பது, கொதிக்க வைப்பதல்ல

200 மில்லி தண்ணீருக்கு 3 கிராம் இலை, 3 நிமிடம். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். சிறிய மின்னணுத் தராசு இருந்தால் நல்லது. முழு இலை இடத்தை அடைக்கும், கரண்டி ஏமாற்றும். தராசு இல்லையென்றால் தேக்கரண்டியில் நன்றாகக் குவித்து ஒன்றரைக் கரண்டி.

வெள்ளை உட்புறமுள்ள பீங்கான் கோப்பை இருந்தால் நிறம் தெளிவாகத் தெரியும். டீக்கடைக் கண்ணாடி கிளாஸும் அருமை. பாத்திரத்தை முதலில் வெந்நீரால் அலசிச் சூடாக்கிவிட்டு, இலையைப் போட்டு, தண்ணீரை ஊற்றி, மூடி வையுங்கள். மூடுவது முக்கியம். மணம் ஆவியோடுதான் போகிறது. 3 நிமிடம் ஆனதும் முழுவதையும் வடித்துவிடுங்கள். இலை நீரிலேயே கிடந்தால் கசப்பு இறங்கிக்கொண்டே இருக்கும்.

ஆற்ற வேண்டாம். பால் டீயை உயரத்திலிருந்து ஆற்றும்போது நுரை வரும், சூடு பதமாகும், பார்க்கவும் அழகு. இந்தத் தேநீரை ஆற்றினால் நாம் காசு கொடுத்து வாங்கிய பூமணத்தைச் சமையலறை ஜன்னலுக்குக் கொடுத்துவிடுகிறோம்.

தொழில்முறைச் சுவைஞர்கள் வேறு கணக்கில் போடுவார்கள். ஐஎஸ்ஓ 3103 என்ற தரமுறை 100 மில்லிக்கு 2 கிராம், கொதிநீர், 6 நிமிடம் என்கிறது. குன்னூர் ஏலத்துக்கு வரும் தேயிலையை விலை மதிப்பிடுகிறவர்கள் இலையின் ஒவ்வொரு குறையும் வெளியே வரும்படி கடுமையாகப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். நாம் குறை தேட உட்காரவில்லை. அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒரே ஒரு பழக்கம்: ஒவ்வொரு முறையும் அளவையும் நேரத்தையும் மாற்றாமல் வைப்பது.

## படி 5: மூக்கில் தொடங்குங்கள்

நேரம் பார்த்து உட்காருங்கள். காலைச் சிற்றுண்டிக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவே, பதினோரு மணிவாக்கில் உட்கார்ந்தால் வாய் சுத்தமாக இருக்கும். வெற்றிலை போட்டபிறகு வேண்டாம். ஊதுபத்தி எரியும் அறையில் வேண்டாம். தலையில் பூ இருந்தால் சற்று நேரம் எடுத்து வைத்துவிடுங்கள், இல்லையென்றால் எந்தப் பூவை முகர்ந்தோம் என்று சந்தேகமாகிவிடும்.

மூன்று முறை முகர வேண்டும். முதலில் உலர்ந்த இலை. உள்ளங்கையில் கொஞ்சம் எடுத்து, வாயால் ஒருமுறை ஊதிச் சூடாக்கி முகருங்கள். அடுத்தது, தேநீரை வடித்தபின் பாத்திரத்தில் தங்கிய ஈர இலை. மூடியைத் திறந்த உடனே மூக்கைக் கொண்டு போங்கள். எனக்கு இதுதான் முழுச் சடங்கிலும் மிக நல்ல நொடி. கோப்பையில் வருவதைவிடப் பலமடங்கு மணம் இங்கேதான் இருக்கும். பல வருடங்களாக இந்த இலையை முகராமலேயே குப்பையில் கொட்டியிருக்கிறேன் என்பது இன்னும் வருத்தம். மூன்றாவதாகக் கோப்பை.

இந்த மணம் எங்கிருந்து வருகிறது? பச்சைக் கொழுந்தைக் கிள்ளி முகர்ந்தால் புல்வாசம்தான் அடிக்கும். பூமணம் தரும் லினலூல், ஜெரானியால் போன்ற பொருள்கள் உயிருள்ள இலையில் பெரும்பாலும் சர்க்கரையோடு பிணைந்து, மணமின்றிக் கிடக்கின்றன. இலையை வாட்டி உருட்டும்போது செல்கள் உடைந்து, இலையிலுள்ள நொதிகள் அந்தப் பிணைப்பை வெட்டிவிடுகின்றன. லினலூல் மல்லிகையிலும் உண்டு. ஜெரானியால் ரோஜாவில் உண்டு. ஆக, மல்லிகை மணக்கிறது என்று நீங்கள் சொன்னால் அது கற்பனை இல்லை.

## படி 6: உறிஞ்சுங்கள், சத்தம் வரட்டும்

வாய் சுடாத பதத்துக்கு வரும்வரை காத்திருங்கள். மிகச் சூட்டில் நாக்குக்கு எதுவும் தெரியாது. பிறகு ஒரு கரண்டியில் எடுத்துக் காற்றோடு சேர்த்துச் சர்ரென்று உறிஞ்சுங்கள். பெரியவர்கள் முன்னால் இப்படிக் குடித்தால் திட்டு விழும் என்று வளர்ந்தவர்கள் நாம். தனியாக இருக்கும்போது செய்து பாருங்கள். சிதறிய துளிகள் வாய் முழுக்கப் படும். மணம் தொண்டைக்குப் பின்புறமாக ஏறி மூக்குக்குப் போகும்.

அந்தப் பின்வழிதான் இதில் திறவுகோல். நாக்குக்குத் தெரிவது இனிப்பு, புளிப்பு, கசப்பு போன்ற சில சுவைகள் மட்டும். மல்லிகை, எலுமிச்சைத் தோல், தேன் எல்லாம் மூக்கின் வேலை. சந்தேகமிருந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு மிடறு குடியுங்கள். வெந்நீரும் கொஞ்சம் துவர்ப்பும்தான் இருக்கும். பிடியை விட்டு மூச்சை வெளியே விடுங்கள். அப்போது வருகிறதே, அதற்காகத்தான் இவ்வளவும்.

விழுங்கியபின் ஒரு நிமிடம் பேசாதீர்கள். கன்னத்தின் உட்புறம், நாக்கின் ஓரம், தொண்டை என்று எங்கே என்ன தங்குகிறது என்று பாருங்கள். நல்ல குளிர்கால நீலகிரியில் மெல்லிய இனிப்பு ஒன்று தாமதமாக வரும்.

## படி 7: துவர்ப்பையும் கசப்பையும் பிரித்தறியுங்கள்

"கசக்கிறது" என்று பலர் சொல்வது பெரும்பாலும் துவர்ப்பு. தமிழர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. அறுசுவையில் துவர்ப்பை ஒன்றாக வைத்து, வாழைப்பூவையும் நாவல்பழத்தையும் கொய்யாப் பிஞ்சையும் தின்று வளர்ந்திருக்கிறோம். அறிவியல் அதைத் தொடு உணர்வோடு சேர்க்கிறது: இலையின் பாலிஃபீனால்கள் எச்சிலிலுள்ள புரதங்களைப் பற்றிக்கொள்ள, வாயின் வழுவழுப்புக் குறைந்து சொரசொரப்பாகிறது. கசப்பு நாக்கில் உறைக்கும், பாகற்காயைப் போல. துவர்ப்பு வாய் முழுவதையும் இறுக்கிப் பிடிக்கும்.

கொஞ்சம் துவர்ப்பு வேண்டும். அது இல்லாத தேநீர் உப்பில்லாத பண்டம். வாயைச் சுத்தமாக்கி அடுத்த மிடறுக்குத் தயார் செய்வது அதுதான். கசப்பு மேலோங்கினால் நேரத்தைக் குறையுங்கள், அல்லது தண்ணீரை இன்னும் கொஞ்சம் ஆறவிடுங்கள். மணமே இல்லாமல் வெளிறிப் போனால் நேரத்தைத் தொடாமல் இலையைக் கூட்டுங்கள்.

## படி 8: உங்களுக்குத் தெரிந்த பூவின் பெயரைச் சொல்லுங்கள்

தேயிலை அட்டைகளில் மஸ்கட் திராட்சை, லைலாக் என்றெல்லாம் எழுதியிருக்கும். லைலாக் பூவை நான் முகர்ந்ததே இல்லை. முகராத பூவின் பெயரை நினைவில் தேடி என்ன கிடைக்கப்போகிறது? நம்மிடம் இருக்கும் சொற்களை எடுங்கள். முல்லையா, மல்லிகையா, இரண்டும் வாடியபிறகா? சம்பங்கியின் அடர்த்தியா, மகிழம்பூவின் உலர்ந்த வாசனையா? மரிக்கொழுந்தின் பச்சை மணமா? பன்னீர் தெளித்த கல்யாண வாசலா?

இலங்கையின் ஊவாவில் சூலை முதல் செப்டம்பர் வரை வரும் தேயிலையைக் குடித்தால் பலருக்குத் தைலம் நினைவுக்கு வரும். சரியான நினைவுதான். மெத்தில் சாலிசிலேட் என்ற பொருள் அந்த இலையில் தூக்கலாக இருக்கிறது. வலிக்குத் தடவும் தைலங்களிலும், உதகையில் விற்கும் விண்டர்கிரீன் எண்ணெயிலும் இருப்பது அதுவே.

என் மனைவிக்கு நான் மல்லிகை என்று சொல்லும் தேநீரில் கொத்தமல்லி விதை மணக்கிறது. கொத்தமல்லியை வறுத்து அரைக்கும் அடுப்படியில் வளர்ந்தவள். வெகுநாள் அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை என்றே நினைத்திருந்தேன். கொத்தமல்லி விதையின் எண்ணெயில் மிகுதியாக இருப்பது லினலூல் என்று பிறகு படித்தபோது அவளிடம் போய்ச் சொன்னேன். ஒரே பொருளை இரண்டு பேர் இரண்டு வீட்டு நினைவால் அழைத்திருக்கிறோம்.

ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். தேதி, இலை, அளவு, நேரம், தண்ணீர். அதற்குக் கீழே முதலில் மனதில் வந்த சொல். 'மழைக்குப் பிந்தைய பள்ளிக்கூட மைதானம்' என்று வந்தால் அதையே எழுதுங்கள். யாரும் திருத்தப் போவதில்லை.

## படி 9: உங்களுக்குப் பிடித்தது எது?

ஒரே கோப்பையைத் தனியாகக் குடித்தால் பிடிக்கிறதா இல்லையா என்று சொல்வது கடினம். பக்கத்தில் இன்னொன்று இருக்க வேண்டும். ஒரே இலையை மூன்று கிளாசில் போட்டு 2, 3, 5 நிமிடங்களில் வடியுங்கள். வரிசையாக வைத்து, இடமிருந்து வலமாகவும் பிறகு வலமிருந்து இடமாகவும் சுவையுங்கள். எந்தக் கிளாஸ் முதலில் காலியாகிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். வாய் சொல்வதைவிடக் கை சொல்வது உண்மையாக இருக்கும்.

மறுநாள் நேரத்தைத் தொடாமல் இலையின் அளவை மாற்றுங்கள். அதற்கடுத்த நாள் தண்ணீரை. ஒரு நாளைக்கு ஒன்றை மட்டும். மூன்றையும் சேர்த்து மாற்றினால் எது எதைச் செய்தது என்று தெரியாமல் போய்விடும். ஒரு வாரத்தில் உங்கள் அளவு உங்களுக்குக் கிடைத்துவிடும். என்னுடையது இரண்டரை நிமிடம், கொஞ்சம் கூடுதல் இலை. சித்திக்கு நான்கு நிமிடம் வேண்டும், துவர்ப்பு இல்லாவிட்டால் அவருக்குத் தேநீரே இல்லை.

பிறகு இலைக்கு இலை ஒப்பிடுங்கள். நீலகிரியும் நுவரெலியாவும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி போலத் தெரியும். இரண்டு பேரும் மெலிந்தவர்கள், நுவரெலியா இன்னும் கூர்மை. டார்ஜிலிங் முதல் கொழுந்தில் பச்சை வாசம் கூடும். கடைசியில், இந்த மூன்றுமே வேண்டாம், திடமான அசாம்தான் என் கட்சி என்று நீங்கள் முடிவு செய்தால் அதுவும் நல்ல முடிவு. முகர்ந்து, ஒப்பிட்டு, தெரிந்து எடுத்த முடிவு அது.

இலேசான நிறம் என்பதால் காஃபீன் இல்லை என்று நினைக்க வேண்டாம். தூக்கம் கெடுபவர்கள் மாலைக்கு மேல் தவிர்க்கலாம். உணவிலுள்ள இரும்புச் சத்தை உடல் எடுத்துக்கொள்வதைத் தேநீர் குறைக்கும் என்பதால், இரத்தசோகை உள்ளவர்கள் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்காமல் ஒரு மணி நேரமாவது தள்ளி வைப்பது நல்லது.

## படி 10: பாலும் சர்க்கரையும்

பால் வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. பாலின் கேசின் புரதம் துவர்ப்பைப் பற்றிக்கொண்டு மழுங்கச் செய்யும். பாலின் கொழுப்பும் வாசனையும் மேலேறும். சிடிசி தேநீருக்கு அந்த அணைப்பு தேவை. இந்த இலைக்கு அது போர்வை.

சர்க்கரைக்கு எனக்கு ஒரு வழி தெரிந்தது சித்தியின் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம். நுவரெலியாப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு தாயகம் திரும்பியவர்களோடு கப்பலேறி, கோத்தகிரிக்கு வந்து மறுபடி கொழுந்தே பறித்தவர். அவர் இதைத் தேநீர் என்று சொல்ல மாட்டார், 'பிளேன்டீ' என்பார். டம்ளரில் சீனி போட மாட்டார். இடது உள்ளங்கையில் கொஞ்சம் சீனி, வலது கையில் தேநீர். நாக்கால் கொஞ்சம் சீனியைத் தொட்டு, ஒரு மிடறு. பிறகு வெறும் மிடறு இரண்டு. பிறகு மறுபடி சீனி.

செய்து பாருங்கள். சீனியைத் தொட்ட மிடறில் துவர்ப்பு அடங்கி மணம் உருண்டு வரும். அடுத்த வெறும் மிடறில் அது கூராகி நிற்கும். ஒரே டம்ளருக்குள் இரண்டு தேநீர். வடித்த இலையைக் கொட்டிவிடாதீர்கள். இன்னும் ஒருமுறை, இப்போது 4 நிமிடம் ஊறவைத்தால் மணம் குறைந்து தேன்போன்ற இனிப்பு முன்னால் வரும். பாட்டி அந்த இரண்டாம் தண்ணீரைச் சீனியே இல்லாமல்தான் குடிப்பார்.